லைட்டைப் போட்டால் பாடும் ஜீப்பு

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்று என்னைச் சொல்வார்கள். அது பொய். ஒரு தடவை ஒதுங்கியிருக்கிறேன். ஓடு ஒழுகியது, திரும்பி வந்துவிட்டேன். அதோடு என் படிப்பு முடிந்தது. பிறகு கற்றுக்கொண்டது ஜீப் ஓட்டுவது ஒன்றுதான். அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன் என்று என் ஜீப்பில் ஏறிய யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து மண் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது. போன் டவர் கிடையாது. காலையில் இருட்டோடு ஆட்களைத் திருப்பத்தூருக்கு இறக்குவேன், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றிக்கொண்டு வருவேன். புளி, பலாப்பழம், சாமை மூட்டை, ஆடு, மனுஷன் எல்லாம் ஒரே வண்டி. ஆடுகள் மட்டும்தான் என்னைத் திட்டாமல் வரும்.

ஜீப்பை வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த ஒரு பாயிடம் வாங்கினேன். நேர்மையான மனுஷர். சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"தம்பி, வண்டி தங்கம். ஆனா லைட்டப் போட்டா பாட்டுப் பொட்டியும் சேந்து பாடும். மெக்கானிக்கு எங்கியோ ரெண்டு ஒயர ஒண்ணா முறுக்கி வுட்டுட்டான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அட்ஜஸ்ட் செய்கிற ஆளா நான்? அடுத்த நாளே கத்தியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தேன். உள்ளே எல்லா ஒயரும் ஒரே சிவப்பு. ஒன்றைப் பார்த்து அறுத்தேன். வைப்பர் செத்துப்போனது. பாட்டுப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மழை வந்தால் ஒரு கையை வெளியே விட்டுத் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறேன். சத்தத்தைக் குறைக்கிற குமிழையும் நான்தான் பலம் காட்டி உடைத்தேன். திருப்பத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால், "மொத்த ஒயரிங்கும் புடுங்கணும், வண்டிய வுட்டுட்டுப் போ" என்றான். வண்டியை விட்டுவிட்டால் அந்த வாரம் எதை ஓட்டிச் சோறு தின்பது? அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு கிடார்க்காரர் வந்தது அதற்குப் பிறகு. ஒல்லியான மனுஷர், நரைத்த முடியைப் பின்னால் முடிந்திருந்தார். யாரோ நண்பருடைய தோட்டத்து வீட்டில் கொஞ்ச நாள் தங்க மலைக்கு வந்திருந்தார். கூட ஒரு உதவியாளர். திருப்பத்தூரிலிருந்து மேலே கொண்டுபோய் விட என் ஜீப்பைப் பிடித்தார்கள். ஊர் முழுக்க வேறு ஜீப்பே இல்லாத நேரம், அதனால்தான்.

பாதி வழியில் அவர் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். அட்டையில் ஒரு நாற்காலி, அதன் மேல் சாய்த்து வைத்த கிடார். ஆளே இல்லை.

"இது நான் வாசிச்சது. ஸ்டுடியோவுல, காத்துகூட வராத ரூம்ல, ஒரு வருஷம் உக்காந்து பண்ணது. வெட்டவெளியில எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும்" என்றார்.

பெட்டிக்குள் தள்ளினேன். லைட்டைப் போட்டேன். எதற்கு லைட் என்று உதவியாளர் கேட்டார். எங்கள் வண்டியில் பாட்டு வேண்டுமென்றால் அதுதான் வழி என்று சொன்னேன். கிடார்க்காரர் முதல் தடவையாகச் சிரித்தார்.

முதலில் ஒரே ஒரு தந்தி. மெதுவாக. அப்புறம் நிறுத்தம். அப்புறம் இன்னொன்று. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காது கொடுக்கிற மாதிரி. அப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் ரெண்டு வளைவு பொறுத்துப் பார்த்தேன்.

"சார், மியூசிக்கு நல்லாத்தான் கீது. பாடறவரு எப்ப வருவாரு?"

"வரமாட்டார்" என்றார் அவர்.

அவர் இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனபோது உதவியாளர் என் காதில் சொன்னார். "சாரோட இந்த ஆல்பம் எக்கச்சக்கமா வித்துச்சு. வெளிநாட்டுலகூட. ஆனா ஜாஸ் தெரிஞ்சவங்க திட்டறாங்க. இது ஜாஸே இல்ல, ஓட்டல் லிப்ட்ல போடற பாட்டுன்னு எழுதிட்டாங்க. அந்த வருத்தத்துலதான் மலை ஏறியிருக்காரு."

பாவம். லிப்ட் பாட்டு என்று திட்டு வாங்கியவர் லிப்ட்டே இல்லாத ஊராகத் தேடி வந்திருந்தார்.

இறங்கும்போது சிடி வெளியே வரவில்லை. நான் குத்தினேன், தட்டினேன், பாயின் முன்னோரையெல்லாம் கூப்பிட்டேன். வரவில்லை. "இருக்கட்டும். உங்க வண்டில இருந்தா திட்டறதுக்கு ஆள் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் என் பயணிகளைப் பார்த்ததில்லை.

மறுநாள் விடியற்காலை லைட்டைப் போட்டதுமே ஆரம்பித்தார்கள். சந்தைக்குப் போகிற ஒரு பெண்பிள்ளை பின் சீட்டிலிருந்து கத்தினாள். "ஏம்பா, மோளம் கொட்டிக்கினே கீறானே, தாலி எப்பதான் கட்டுவான்?" இன்னொருத்தி, "பாடறவனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சி போல. சுக்குத்தண்ணி குடுங்கடி" என்றாள்.

எல்லாரையும்விட மோசம் என் தங்கச்சி புருஷன். நாங்கள் இரண்டு பேரும் மாமன் மச்சான் என்பதைவிட, ஒருத்தன் மானத்தை ஒருத்தன் வாங்குவதையே தொழிலாக வைத்திருந்தோம். விளக்குமாற்றைக் கிடாராகப் பிடித்துக்கொண்டு என் ஜீப்பின் முன்னால் ஆடுவான்.

"மச்சான், இது உங்க வூட்டு விருந்து மாதிரியே கீதுடா. சோறு வரும் வரும்னு ஒக்காந்துனு இருக்கணும். வரவே வராது."

"உனுக்குப் பொண்ணு குடுத்ததே பெருசு. இதுல சோறு வேறயா?"

தங்கச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் புருஷனையும் அண்ணனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எந்தக் குரங்கு பெரிய குரங்கு என்று பார்ப்பது மாதிரி பார்ப்பாள்.

எனக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போனது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. எந்தத் துண்டு எந்தக் கொண்டை ஊசி வளைவில் வரும் என்றுகூடப் பழகிவிட்டது. ஒரு இடத்தில் அவர் விரல் தந்தியில் வழுக்குகிற சத்தம் கேட்கும். கீச்சென்று. ஒரு வருஷம் உட்கார்ந்தும் அதை எடுக்காமல் விட்டிருக்கிறாரே, நம்மை மாதிரி ஆள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

பாட்டு கெட்ட பெயர் வாங்கியது அந்த மழைக்காலத்தில்.

மலை ஓட்டுநர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றினால் பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் போவோம். எதிரே வருகிறவன் பார்த்து ஒதுங்கி வழிவிடுவான். பிணம் ஏற்றினாலும் அப்படியே. ஆம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். மழையில் எங்கள் மண் ரோட்டுக்கு வர அதற்குக் கால் கிடையாது. அதனால் நோயாளி எல்லாம் என் வண்டியில்தான். லைட்டைப் போடுவேன், கிடார் ஆரம்பிக்கும்.

அந்த மழையில் ஒரு பெரியவரை நெஞ்சு வலி என்று இறக்கினேன். பிணமாக ஏற்றி வந்தேன். விறகுக்குப் போய்ப் பாம்பு கடித்த ஒரு அம்மாவை இறக்கினேன். அவரையும் அப்படியே ஏற்றி வந்தேன். அப்புறம் இன்னொருவர். ஒவ்வொரு தடவையும் அந்த ஒற்றைத் தந்திதான் முதலில் ஊருக்குள் வந்தது. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. கீழே வளைவில் கிடார் சத்தம் கேட்டதுமே பெண்கள் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் தெளிக்கப் பழகிவிட்டார்கள். யார் என்று கேட்பதுகூட அப்புறம்தான்.

எங்கேயோ ஓட்டல் லிப்டில் நல்ல துணி போட்ட ஆட்கள் அதைக் கேட்டுக்கொண்டு மேலே போயிருப்பார்கள். எங்கள் மலையில் அதைக் கேட்டு அடுப்பை அணைத்தார்கள்.

ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டார். நல்லது கெட்டது எது என்றாலும் எங்கள் ஊரில் அவர் சொல்வதுதான் முடிவு.

"டேய், உன் வண்டி பாடுனா ஊர்ல ஒரு உசுரு போவுது. இன்னாடா கத இது?"

"பாட்டு ஆளக் கொல்லாதுங்க. மந்திரிச்சிப் பாத்து, கஷாயம் குடுத்துப் பாத்து, ஒண்ணுத்துக்கும் ஆவலன்னாதான் என்கிட்ட தூக்கினு வர்றாங்க. எமங்கிட்ட போற வழியில நான் ஒரு ஸ்டாப்பிங்கு. அவ்ளோதாங்க."

"வாயி மட்டும் கீது. கேட்டுக்க. நோயாளிய ஏத்துனா இனிமே அந்தப் பாட்டு கேக்கக்கூடாது."

"பாட்டு வாணாம்னா லைட்டு போட முடியாதுங்களே."

"போடாத."

"பொணம் ஏத்துனா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "போன உசுரு போயிடுச்சி. அப்பப் போட்டுக்க. ஊருக்கும் முன்னாடியே தெரிஞ்சிடும்."

நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். ஊர் சிரிக்கவில்லை. அதை அப்படியே பிடித்துக்கொண்டது. பாட்டு வந்தால் பிணம். பாட்டு வராவிட்டால் ஆள் உயிரோடு வருகிறது. குழந்தைகூடச் சொல்லும்.

அதே மழையில்தான் என் தங்கச்சி புருஷன் காய்ச்சலில் விழுந்தான்.

முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கஷாயம் கொடுத்தார்கள். நானும் போய், "இன்னா மாப்ள, வேலைக்குப் போவாம இருக்க நல்ல ரோசன" என்றேன். அவன் பதிலுக்கு ஏதோ சொன்னான். பிறகு ஒரு நாள் காலையில் தங்கச்சி ஓடி வந்தாள்.

"ணா, மூச்சு வுட முடியல அவரால. வண்டிய எடு."

போய்ப் பார்த்தால் அவன் உட்கார்ந்தபடி மூச்சைத் தேடிக்கொண்டிருந்தான். உதடு நீலமாக இருந்தது. தூக்கிப் பின் சீட்டில் சாய்த்தோம். தங்கச்சி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் தம்பியும் ஏறினான். அவன் அம்மா ஜீப்பைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு மட்டும் வாணாண்டா, உன் கால்ல வுழறேன்" என்றார்கள். சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

மண் ரோட்டை எப்படியோ கடந்துவிட்டேன். மலை இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் மூடுபனி. சும்மா பனி இல்லை. என் ஜீப்பின் மூக்கு எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எது எந்தப் பக்கம் என்று நினைப்பில்தான் இருந்தது. மழைத் தூறல் வேறு கண்ணாடியை மூடியது. வண்டியை நிறுத்தினேன்.

"தங்கச்சி, லைட்டு போட்டே ஆவணும். ஒண்ணும் தெரியல."

"வாணாம்."

"அடியே, எதிர்ல லாரி வந்தா நாலு பேரும் ஒண்ணாப் போய்டுவோம்."

"லைட்டு போட்ட, நான் இவரத் தூக்கினு எறங்கிடுவேன். நடந்தே போறேன்."

அவள் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு ஆட்டுக்குட்டிக்காக ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவள். ஒயரை அறுத்தால் லைட்டும் சேர்ந்து செத்துவிடும். ஸ்பீக்கர் ஓட்டையில் என் துண்டைத் திணித்தேன். தங்கச்சி ஒரு பழைய சேலையைக் கொடுத்தாள், அதையும் திணித்தேன். ஒரு நொடி லைட்டைப் போட்டுப் பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து ஒருத்தன் முனகுகிற மாதிரி அந்தத் தந்தி வந்தது. முன்னைவிட மோசமாக இருந்தது. தங்கச்சி கத்தினாள். அணைத்துவிட்டேன். கண்ணாடியைத் துடைக்கத் துண்டை மட்டும் உருவிக்கொண்டேன்.

கடைசியில் தம்பிக்காரன் இறங்கினான். வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். நான் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் வண்டியை உருட்டினேன். ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு எருமை நடக்கிற வேகம். வளைவுக்கு வளைவு நின்று, அவன் போய்ப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டிய பிறகு திரும்பினோம்.

பின்னாலிருந்து என் மாப்பிள்ளை மூச்சுக்கு நடுவே பேசினான்.

"மச்சான்... என் கல்யாண ஊர்வலத்துலயும்... இப்டிதான் ஓட்ன."

"பேசாத மாப்ள. மூச்ச மிச்சம் புடி."

"போட்ரா லைட்ட. சாவுப் பாட்டுன்னா... எனக்குத்தான? நான் கேட்டுக்கறேன்."

தங்கச்சி அவன் வாயைப் பொத்தினாள். உண்மையிலேயே கையால் பொத்தினாள். மூச்சு விட முடியாதவன் வாயை. அப்புறம் அவளே பயந்து கையை எடுத்தாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

மூடுபனி பாதி மலையில் விலகியது. தம்பிக்காரன் முழங்கால் வரை சேறாக நின்றான். ஆடுகளை அவிழ்த்து விட ஆள் இல்லை என்று அங்கிருந்தே மேலே திரும்பி நடந்தான். "பாட்டு இல்லாமலே எறக்கிட்டோம்ணா. இனிமே ஒண்ணும் ஆவாது" என்றான். அந்த நம்பிக்கையோடு ஊருக்குப் போனான். நான் ஜீப்பை விரட்டினேன். அதுவரைக்கும் நான் அப்படி ஓட்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மூடியை முகத்தில் மாட்டினார்கள். சாயங்காலம் கொஞ்சம் தெளிந்தான். என்னை விரலால் கூப்பிட்டு, மூடியைத் தூக்கி, "உன் வண்டிய வுட... இது தேவல. சத்தமே இல்ல" என்றான். நர்ஸ் திட்டினார். நான் சிரித்தேன். தங்கச்சியும் சிரித்தாள். பிழைத்துக்கொள்வான் என்று அப்போது நினைத்தேன். அவனுக்குக் கேலி வருகிற வரைக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.

டாக்டரம்மா சின்ன வயது. தங்கச்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கணும்." எல்லா டாக்டரும் எல்லாரிடமும் சொல்வது அது. வண்டி ஓட்டிப் போய் நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் தங்கச்சி அதை முதல் தடவையாகக் கேட்டாள்.

வெராந்தாவில் சுவரோடு உட்கார்ந்திருந்தோம். அவள் கேட்டாள்.

"ணா, லைட்டு போட்டிருந்தா எவ்ளோ சீக்கிரம் வந்திருப்போம்?"

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிற ஆள் நான். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. ஒரு டீ குடிக்கிற நேரம் முன்ன பின்ன."

அவள் தலையை ஆட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மலையில் அவளும் பிறந்து வளர்ந்தவள்தான். எந்த வளைவு எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாதா?

காகிதம் எல்லாம் முடிந்து உடம்பைக் கொடுத்தபோது மறுநாள் காலை ஆகிவிட்டது. மேலே சொல்லி அனுப்ப எங்கள் பக்கத்து வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. பின் சீட்டில் அவனைப் படுக்க வைத்துப் போர்த்தினோம். தங்கச்சி பழையபடி அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் திணித்திருந்த சேலை இன்னும் அங்கேயே இருந்தது. அதை உருவி அவன் காலின் மேல் போட்டாள்.

மழை விட்டிருந்தது. அப்படி ஒரு வெயில். மலை முழுக்கக் கழுவி வைத்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபமாக வந்தது. முந்தாநாள் இந்த வெயில் எங்கே போயிருந்தது?

அடிவாரத்தில் நிறுத்தினேன். பிணம் ஏற்றிய வண்டி லைட்டைப் போட வேண்டும்.

"லைட்டு போடவாம்மா?"

"அவருக்குப் பாட்டு வாணாம்னுதான இட்டுனு போனோம்" என்றாள். "இப்ப மட்டும் இன்னாத்துக்கு."

போடவில்லை. சத்தமில்லாமல் ஏறினோம். எந்த வளைவில் எந்தத் துண்டு வரும் என்று என் தலைக்குள் மட்டும் ஓடியது. எதிரே வந்த வண்டிகள் எதுவும் ஒதுங்கவில்லை. ஒரு பால் வண்டிக்காரன் என்னைத் திட்டிவிட்டுப் போனான்.

கடைசி வளைவைத் திரும்பினால் எங்கள் ஊர் தெரியும். எல்லாக் கூரையிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காலைப் பிரேக்கில் வைத்தேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே போவது?

வண்டிச் சத்தம் கேட்டு ஜனங்கள் ஓடி வந்தார்கள். சிரித்துக்கொண்டு வந்தார்கள். தம்பிக்காரன்தான் முன்னால். "பாட்டு கேக்கல, பாட்டு கேக்கல! நான் சொன்னேன் இல்ல?" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தான். ஊர்க்கவுண்டர்கூட வாசலில் எழுந்து நின்றார். யாரோ கோழி அடித்திருந்தார்கள், குழம்பு வாசம் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு சட்டியில் சாமைக் கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே வந்தார்கள்.

"மெதுவா எறக்குங்கடா. தூங்கறானா? எழுப்பாத எழுப்பாத. நானே ஊட்டி வுடறேன்."

அந்த அம்மா ஜீப்பின் பின் பக்கம் போகிறார்கள். தங்கச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள். நான் சொல்ல வேண்டும். வண்டி என்னுடையது, ஆள் என் மாப்பிள்ளை, நான்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த எந்த வார்த்தையும் அந்த அம்மாவிடம் சொல்கிற மாதிரி இல்லை. ஊரில் அத்தனை பேரையும் வாயாலேயே அடித்தவன், நாக்கு இல்லாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கையை நீட்டி லைட்டைப் போட்டேன்.

ஒரு தந்தி. நிறுத்தம். இன்னொரு தந்தி.

அந்த அம்மா நின்றுவிட்டார்கள். சட்டி கையிலேயே இருந்தது. தம்பிக்காரன் என்னைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான். கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் திரும்பி வீடுகளைப் பார்த்து ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கூரைகளில் புகை ஒவ்வொன்றாக நின்றது.

தங்கச்சி அவன் தலையை மடியிலிருந்து மெதுவாக எடுத்துச் சீட்டில் வைத்தாள். இறங்கி, தன் வீட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.